வண்டி இழுக்கல, பிக்கப் இல்ல: நீலகிரியில கார் வெச்சிருக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் எந்தப் பக்கம் போனாலும் கார்க்காரங்க புலம்பல் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வரும், "வண்டி முன்ன மாதிரி இழுக்கலைங்க". அதுக்கு காரணம் இருபது இருக்கு, ஆனா மலையில இருக்கறவங்களுக்கு இருபத்தொண்ணாவதா ஒண்ணு கூட இருக்கு, அது மலையேதான். உயரம் எவ்வளவு பவரை எடுத்துக்குது, கோளாறு எவ்வளவு எடுத்துக்குதுன்னு பிரிச்சுப் பாக்காம பிளக்கை மாத்து, பம்பை மாத்துன்னு இறங்கினா பர்ஸ்தான் காலியாகும். சாதாரண குடும்பக் காருக்கு, பெட்ரோலோ டீசலோ, அடிக்கடி வர்ற கேள்விகளையும் பதில்களையும் கீழ எழுதியிருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்க வண்டி சொல்ற அறிகுறி எங்க இருக்கோ அங்க போங்க.

கே: கோயம்புத்தூர்ல பறக்குது, ஊட்டி வந்தா மட்டும் மந்தமாயிடுது. வண்டியில கோளாறா அண்ணா?

ப: பெரும்பாலும் கோளாறு இல்லைங்க. மேல போகப் போக காத்து லேசாகுது, எஞ்சின் ஒரு தடவை இழுக்கற காத்துல ஆக்சிஜன் கம்மி, அதுக்கு ஏத்த மாதிரிதான் பெட்ரோலும் போகும், அப்ப பவரும் கம்மி. டர்போ இல்லாத எஞ்சினுக்கு 300 மீட்டருக்கு சுமார் 3 சதவீதம் பவர் குறையும்னு ஒரு கணக்கு உண்டு. குன்னூர் சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். அப்ப கம்பெனிக்காரன் 80 குதிரைத்திறன்னு சொன்ன வண்டி ஊட்டி சேரிங் கிராஸ்ல நிக்கும்போது 62, 63 குதிரைதான். அதுல அஞ்சு பேரு, டிக்கி நிறைய லக்கேஜ், ஏசி வேற போட்டா எப்படி இழுக்கும் சொல்லுங்க.

டர்போ இருக்கற வண்டியில இது அவ்வளவா தெரியாது, ஏன்னா டர்போ லேசான காத்தையும் அமுக்கி உள்ள தள்ளிடும். ஆனா டர்போ சுத்து பிடிக்கறதுக்கு கீழ விட கொஞ்சம் நேரம் எடுக்கும், ஹேர்பின்ல 1500 ஆர்பிஎம்முக்கு கீழ விழுந்துட்டா செத்த மாதிரி கிடந்துட்டு அப்புறம் திடீர்னு பாயும். இதுவும் கோளாறு இல்ல, ஒரு கியர் குறைச்சு வளைங்க.

பழைய மாருதி 800, ஆம்னி மாதிரி கார்புரேட்டர் வண்டி இன்னும் வெச்சிருக்கீங்கன்னா அது தனிக் கதை, காத்து குறைஞ்சாலும் அது பெட்ரோலை குறைச்சுக்காது, அதனால கருப்புப் புகை, பிளக் கரி பிடிக்கறது எல்லாம் வரும், மேலயே ஓட்டறதா இருந்தா மேலயே வெச்சு டியூனிங் பண்ணணும்.

கே: சரி, எது மலை எது கோளாறுன்னு நான் எப்படி கண்டுபிடிக்கறது?

ப: உங்களுக்குன்னு ஒரு ஏத்தம் வெச்சுக்கோங்க. வீட்டுப் பக்கத்துல தினமும் ஏறற ரோடு, ஒரே கியர், ஒரே இடத்துல ஆரம்பிச்சு இன்ன மரத்துக்கிட்ட ஸ்பீடு எவ்வளவு வருதுன்னு வண்டி நல்லா இருக்கும்போதே பாத்து வைக்கணும். நம்ம ஊர்ல இதுக்கா பஞ்சம். அப்புறம் எப்ப சந்தேகம் வந்தாலும் அதே இடத்துல, அதே ஆள் எண்ணிக்கையோட, ஏசி ஆஃப் பண்ணி ஏறிப் பாருங்க. மூணாவதுல ஏறின இடம் இப்ப ரெண்டாவது கேக்குதுன்னா அது கோளாறு, மலை ஒரே மாசத்துல வளர்ந்துடாது.

இன்னொரு அடையாளம், மேட்டுப்பாளையம் இறங்கினதும் வண்டி பழையபடி உற்சாகமா ஓடுதுன்னா உயரம்தான் காரணம். கீழயும் அதே மந்தம்னா வண்டியிலதான் ஏதோ இருக்கு. திடீர்னு ஒரு நாள்ல வந்த மாற்றம்னா சென்சார், ஹோஸ், வயர், காயில் மாதிரி. மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா வந்ததுன்னா ஃபில்டர், கரி, கிளட்ச், பிரேக் பிடிப்பு மாதிரி.

கே: மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி செலவில்லாம நானே என்ன பாக்கலாம்?

ப: சிரிக்காதீங்க, முதல்ல மிதியடி. மழைக்காலத்துல ஒண்ணு மேல ஒண்ணா ரப்பர் மேட் போட்டு வெச்சிருப்பாங்க, அது ஆக்சிலேட்டருக்கு அடியில சுருண்டு முட்டுக் கொடுத்துடும், முழுசா மிதிக்கறோம்னு நெனச்சுட்டு முக்கால்தான் மிதிச்சுட்டிருப்போம். வண்டியை ஆஃப் பண்ணிட்டு கையாலேயே பெடலை கடைசி வரைக்கும் அமுக்கிப் பாருங்க.

அடுத்தது ஏர் ஃபில்டர். பானெட்டை திறந்து கருப்பு டப்பா கிளிப்பை எடுத்தா வந்துடும், வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா மறுபக்கம் கொஞ்சமாவது தெரியணும். இங்க தூசியை விட ஈரமும் எலியும்தான் பெரிய தொல்லை. குளிருக்கு எஞ்சின் சூட்டைத் தேடி வந்து எலி அந்த டப்பாக்குள்ளயே காய்ஞ்ச இலை, துணிக்கந்தல், சாக்கு நூல்னு திணிச்சு கூடு கட்டிடும். டப்பாவைத் திறக்கும்போதே அது காத்து இழுக்கற குழாய் முனை வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க, அப்படியே வயரிங்ல பல்லு பட்ட இடம் இருக்கான்னும் ஒரு கண்ணு வைங்க.

டயர் காத்து ஒரு சின்ன விஷயம். மேட்டுப்பாளையத்துல 33 அடிச்சுட்டு ஊட்டி வந்தா உயரத்தால கேஜ்ல ரெண்டு மூணு கூட காட்டும், குளிரு அதுல கொஞ்சத்தை தின்னுடும், அதனால காலையில வண்டி ஆறியிருக்கும்போது மேலயே செக் பண்றதுதான் சரி.

கே: ஆக்சிலேட்டர் கொடுத்தா எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி போகமாட்டேங்குது. எஞ்சின் வீக்கா?

ப: எஞ்சின் நல்லா இருக்கு, கிளட்ச்தான் வழுக்குது. மலையில இதுதான் முதல் சந்தேகம். நாலாவது கியர்ல சுமாரான ஏத்தத்துல முழுசா மிதிங்க, ஆர்பிஎம் முள்ளு மட்டும் சர்ருன்னு மேல போயி ஸ்பீடு முள்ளு அசையலைன்னா வேற சாட்சி வேண்டாம். கருகின நாத்தம் வந்தா இன்னும் உறுதி.

சமதரையில முன்னாடி யாரும் இல்லாத இடத்துல ஹேண்ட்பிரேக்கை நல்லா இழுத்துட்டு, மூணாவது கியர் போட்டு மெதுவா கிளட்சை விட்டா எஞ்சின் உடனே நின்னுடணும். நிக்காம ஓடிட்டே இருந்தா பிளேட் தேஞ்சாச்சு. ஒரே ஒரு தடவை பாருங்க போதும், திரும்பத் திரும்ப பண்ணி மிச்சம் இருக்கறதையும் தேய்க்காதீங்க.

ஏன் இவ்வளவு சீக்கிரம் போகுதுன்னா, மே மாச சீசன்ல ஏத்தத்துல டிராஃபிக் நிக்கும்போது நம்மாளுங்க ஹேண்ட்பிரேக் போடாம ஹாஃப் கிளட்ச்லயே வண்டியைப் பிடிச்சுட்டு நிப்பாங்க. பாக்க ஸ்டைலா இருக்கும். கீழ ஊர்ல லட்சம் கிலோமீட்டர் வர்ற பிளேட்டு இங்க பாதியில முடியறதுக்கு அந்த ஸ்டைல்தான் காரணம். மாத்தும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் சேத்து மாத்திடுங்க, கியர்பாக்ஸை இறக்கற கூலி ஒரு தடவையோட போகட்டும்.

கே: வண்டி பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு, நியூட்ரல்ல விட்டாலும் உருளமாட்டேங்குது?

ப: பிரேக் ஒட்டிட்டிருக்கு. ஜூன் ஜூலை மழையில பத்து நாள் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தின வண்டியில பின்னாடி டிரம் ஷூ ஒட்டிக்கும், கேபிள் துருப்பிடிச்சு இழுத்தது இழுத்தபடி நின்னுடும். முன்னாடி காலிப்பர்ல ஸ்லைடு பின் கிரீஸ் காய்ஞ்சாலும் இதே கதைதான்.

கண்டுபிடிக்க, பிரேக் அதிகம் தொடாம சமமான ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி, ஒவ்வொரு வீல்கிட்டயும் புறங்கையைக் கொண்டு போங்க, டிஸ்க்கை தொடாதீங்க. நாலுல ஒண்ணு மட்டும் அனலடிச்சா அதுதான் ஆளு. மேட்டுப்பாளையம் இறங்கி முடிச்ச கையோட இந்த டெஸ்ட்டைப் பண்ணிட்டு நாலும் கொதிக்குதுன்னு பயந்துடாதீங்க, அந்த இறக்கத்துல எல்லா வண்டிக்கும் கொதிக்கத்தான் செய்யும். ஜாக்கி வெச்சு தூக்கி கையால சுத்திப் பாத்தா இன்னும் தெளிவு. ஷெட்டு சமதரையா இருந்தா ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு வீலுக்கு கல்லு வெச்சு நிறுத்தறது மழைக்காலத்துக்கு நல்லது.

கே: மஞ்சள் கலர்ல எஞ்சின் லைட் எரியுது, ஆனா வண்டி ஓடுது. ஓட்டலாமா?

ப: நின்னு எரியுதா, மினுக்கி மினுக்கி எரியுதா, அதுதான் கேள்வி. நின்னு எரிஞ்சா வண்டி கம்ப்யூட்டர் ஏதோ கோட், அதாவது கோளாறு நம்பர், சேமிச்சு வெச்சிருக்கு, நிதானமா ஓட்டிப் போயி ஸ்கேனர் போட்டுப் பாக்கலாம். மினுக்கினா எஞ்சின் மிஸ் அடிக்குதுன்னு அர்த்தம், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள எரியும், அதோட உள்பக்கம் உருகிடும். சில ஆயிரத்துல முடியற காயில் வேலை, அதை விட பல மடங்கு செலவா மாறிடும். அதனால மினுக்கற லைட்டோட கோத்தகிரி ஏத்தம் ஏறாதீங்க.

2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்ல பெரும்பாலும் ஸ்டியரிங் கீழ ஸ்கேனர் சொருகற ஓபிடி சாக்கெட் இருக்கும். அதுல சொருகற புளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்குது, போன்ல ஆப் போட்டா நீங்களே கோட் படிக்கலாம். ஆனா ஒண்ணு, கோட் சொல்றது எந்த இடத்துல வலிக்குதுன்னுதான், எந்த பார்ட்டை வாங்கணும்னு இல்ல. பி0171 வந்தா கலவையில பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம், அதுக்கு வேக்குவம் ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம், பெட்ரோல் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், பம்ப் வீக்கா இருக்கலாம், ஏர் ஃப்ளோ சென்சர் அழுக்கா இருக்கலாம். கோடைப் பாத்த உடனே ஆக்சிஜன் சென்சரை மாத்தச் சொல்றவர் கிட்ட ஏன்னு ஒரு கேள்வி கேளுங்க.

கே: பெட்ரோல் வண்டி, மிதிச்சா ஜெர்க் அடிச்சு அடிச்சு போகுது. பிளக்கா காயிலா?

ப: இதுக்கு ஒரு அருமையான வழி இருக்கு, காசே இல்ல. ஸ்கேனர்ல பி0302ன்னு வந்தா ரெண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்குது. எஞ்சின் ஆறினப்புறம் ரெண்டாவது சிலிண்டர் காயிலை கழட்டி மூணாவதுல போடுங்க, மூணாவதோட காயிலை ரெண்டாவதுல போடுங்க. கோடை அழிச்சுட்டு அந்த உங்க ஏத்தத்துல ஒரு ரவுண்டு போங்க. இப்ப பி0303 வந்தா காயிலோட சேந்து கோளாறும் இடம் மாறிடுச்சு, ஒரே ஒரு காயில் வாங்கினா போதும். திரும்பவும் பி0302ன்னே நின்னா காயில் நிரபராதி, அடுத்து பிளக்கை இதே மாதிரி மாத்திப் போட்டுப் பாருங்க. அதுக்கும் அசையலைன்னா இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன் பக்கம் போகணும்.

பிளக்கை எடுக்கும்போது அந்தக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆயில் தேங்கியிருந்தா மேல டேப்பட் கவர் கேஸ்கெட் கசியுது, அதை மாத்தாம காயில் மட்டும் மாத்தினா புதுசும் ஊறிப் போயிடும். மிஸ்ட்டும் மழையுமா இருக்கற நாள்ல மட்டும் ஜெர்க் வருதுன்னா காயில் ரப்பர் பூட்ல வெடிப்பு இருக்கும், ஈரத்துல கரண்ட் அந்த வழியா தப்பிச்சு ஓடுது.

கே: ஸ்கேனர்ல கோடே வரல. ஆனா வண்டி மந்தம்தான். இப்ப?

ப: அதே ஸ்கேனர்ல லைவ் டேட்டா, அதாவது சென்சர்கள் அப்பப்ப காட்டற ரீடிங், பாருங்க, மலையில இருக்கறவங்களுக்கு இதுல ஒரு சுலபமான சோதனை இருக்கு. மேப் சென்சர்னு ஒண்ணு எஞ்சின் உள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கும். சாவியை ஆன் பண்ணி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம அந்த ரீடிங்கைப் பாத்தா, வெளியில இருக்கற காத்தழுத்தத்தைத்தான் காட்டணும். மேட்டுப்பாளையத்துல 97 கிலோபாஸ்கல் ஒட்டி, குன்னூர்ல 81 ஒட்டி, ஊட்டியில 77 ஒட்டி, தொட்டபெட்டா உச்சியில 73 ஒட்டி வரும். ஊட்டியில நின்னுட்டு 92 காட்டுச்சுன்னா சென்சர் பொய் சொல்லுது, கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலை தப்பா ஊத்துது. சென்சர் முழுசா சாகாம இப்படி அரைகுறையா தப்பா சொன்னா லைட் எரியாமலே ரொம்ப நாள் இழுத்தடிக்கும்.

அடுத்து ஃப்யூவல் ட்ரிம், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுன்னு காட்டற நம்பர். கூட்டலோ கழித்தலோ 10க்குள்ள இருந்தா பரவாயில்ல. கூட்டல் 20 பக்கம் போச்சுன்னா எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது இல்லைன்னா பெட்ரோல் பத்தல. பெடலை முழுசா மிதிச்சு ஆக்சிலேட்டர் பொசிஷன் சதவீதம் தடங்கல் இல்லாம ஏறுதான்னும் பாருங்க, நடுவுல குதிச்சா பெடல் சென்சர்.

கே: டீசல் வண்டி, 3000 ஆர்பிஎம்க்கு மேல போகவே மாட்டேங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகுது, மறுபடி ஏத்தத்துல அதேதான்?

ப: அது லிம்ப் மோட். தன்னைக் காப்பாத்திக்க கம்ப்யூட்டரே பவரைக் குறைச்சுடுது. ஏத்தத்துல திரும்பத் திரும்ப வருதுன்னா முதல்ல டர்போ பக்கம்தான் பாக்கணும், கோட் பி0299 வந்திருக்கும், டர்போ அழுத்தம் பத்தலைன்னு அர்த்தம். ஆனா உடனே டர்போவையே மாத்தணும்னு யாராவது சொன்னா கொஞ்சம் பொறுங்க.

இன்டர்கூலர் போற ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொண்ணா தடவிப் பாருங்க, அடிப்பக்கம் விரலை விட்டுப் பாருங்க, கிழிசல் எப்பவும் கண்ணுக்குத் தெரியாத பக்கம்தான் இருக்கும். கிழிஞ்ச இடத்தைச் சுத்தி எண்ணெய் பசையா கருப்பா இருக்கும். ஏத்தத்துல மிதிக்கும்போது உஸ்ஸுன்னு சத்தம், பின்னாடி கருப்புப் புகை, ரெண்டும் சேந்தா தொண்ணூறு பாகம் ஹோஸ் இல்லைன்னா கிளாம்ப். அப்புறம் டர்போ ஆக்சுவேட்டருக்குப் போற மெல்லிசான வேக்குவம் டியூப், அது காய்ஞ்சு வெடிச்சாலும் டர்போ வேலை செய்யாது, அந்த டியூபோட விலையைக் கேட்டா சிரிப்பீங்க. இதெல்லாம் சரியா இருந்தாத்தான் டர்போவோட ஷாஃப்ட் ஆட்டம் பாக்கற வேலைக்கே போகணும்.

கே: நான் வெலிங்டன்ல வேலை, குன்னூர்ல வீடு, தினமும் போயிட்டு வர்றது அவ்வளவுதான். பிஎஸ் 6 டீசல் வண்டியில டிபிஎஃப் லைட் வந்துட்டே இருக்கு, பிக்கப்பும் போச்சு?

ப: உங்க மாதிரி ஓட்டறவங்களுக்கு டீசல் வண்டியே பொருத்தம் இல்லைங்க, வாங்கியாச்சு இனி என்ன பண்றது. 2020 ஏப்ரல்லேருந்து வர்ற டீசல் கார்ல புகைக்கரியைப் பிடிச்சு வெக்கற ஃபில்டர் இருக்கு, அதுதான் டிபிஎஃப், அந்தக் கரி எரியறதுக்கு உள்ள சுமார் 600 டிகிரி சூடு வேணும். பத்து நிமிஷ ஓட்டத்துல அது வரவே வராது. அது போக இறக்கத்துல ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தா டீசலே எரியாது, வந்த சூடும் ஆறிடும்.

லைட் வந்த உடனே, பவர் விழறதுக்கு முன்னாடி, டேங்க்ல நாலுல ஒரு பங்குக்கு மேல டீசல் வெச்சுட்டு மேட்டுப்பாளையம் இறங்கி அன்னூர் ரோடு பக்கம் இருபது முப்பது நிமிஷம் நிறுத்தாம 60க்கு மேல, 2000 ஆர்பிஎம் ஒட்டி ஓட்டுங்க. திரும்பி மலை ஏறறதும் எஞ்சினுக்கு நல்ல வேலைதான், அந்த சூடும் உதவும். ஐடில் கொஞ்சம் உயர்ந்து, ஃபேன் வேகமா ஓடி, லேசா கருகல் வாடை வந்தா உள்ள எரிஞ்சுட்டிருக்கு, அப்ப சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிடாதீங்க. பாதியில நிறுத்தி நிறுத்தி பழகினா எரியாத டீசல் ஆயிலோட கலந்துடும், ஆயில் அளவு குறையறதுக்கு பதிலா ஏறும், டிப்ஸ்டிக்ல பாத்தா தெரியும். அப்படி ஏறியிருந்தா ஆயில் மாத்தியே ஆகணும். லைட்டை கண்டுக்காம விட்டு லிம்ப் மோட் வந்துட்டா ஸ்கேனர் வெச்சு ஒர்க்‌ஷாப்லதான் எரிக்க முடியும். ஃபில்டரையே குடைஞ்சு எடுத்துடறேன்னு சொல்றவங்க இருக்காங்க, அது சட்டப்படி தப்பு, அந்தப் பக்கம் போகாதீங்க.

கே: முதல் நாலஞ்சு வளைவு நல்லா ஏறுது, அப்புறம் திணற ஆரம்பிக்குது, கொஞ்சம் நிறுத்திட்டு எடுத்தா மறுபடி நல்லா போகுது?

ப: எரிபொருள் போய்ச் சேரல. சமதரையில எஞ்சினுக்கு வேண்டியது கொஞ்சம்தான், அடைச்ச ஃபில்டர் வழியாவும் அது வந்துடும். கல்லார் தாண்டி பர்லியார், மரப்பாலம்னு விடாம ஏறும்போது எஞ்சின் கேக்கற அளவு பம்பால கொடுக்க முடியாம அழுத்தம் விழுது. டீசல்ல இதுக்கு பி0087 வரும். ஃபில்டர் முதல்ல, பம்ப் அப்புறம். நிறைய பெட்ரோல் கார்ல ஃபில்டர் டேங்க் உள்ளயே பம்போட இருக்கும், பிரஷர் கேஜ் போட்டு அளந்து பாக்காம பம்ப் வாங்காதீங்க.

டீசல்ல இன்னொண்ணு தண்ணி. நம்ம ஊர் பனிக்கும் மழைக்கும் அரை டேங்கோட நாள்கணக்கா நிக்கற வண்டியில ஈரம் சேரும். ஃபில்டர் அடியில இருக்கற திருகை லேசா திறந்து கொஞ்சம் வடிச்சு ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க (பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் மாவட்டத்துல தடை பண்ணியாச்சே), ஒரு மணி நேரம் ஆடாம வெச்சா தண்ணி அடியில தனியா நிக்கும். தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல கோடு தெரிஞ்சா சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் வடிச்சு விட்டுட்டு ஃபில்டரையும் மாத்துங்க.

ரிசர்வ்ல ஏறறதும் ஒரு காரணம், நெட்டு ஏத்தத்துலயும் வளைவுலயும் டேங்க்ல இருக்கறது ஒரு பக்கமா ஒதுங்கிடும், பம்ப் காத்தை உறிஞ்சும்.

கே: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலாலதான் பிக்கப் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

ப: எத்தனால்ல பெட்ரோலை விட சுமார் மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் குறையறது நிஜம். ஆனா ஒரு ஏத்தமே ஏறமுடியாத அளவு பிக்கப் போகாது, அதுக்கு வேற காரணம் தேடுங்க. பழைய வண்டியில ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் கெடலாம்னு கவனிக்க வேண்டியது வாஸ்தவம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால மழைக்காலத்துல மாசக்கணக்கா நிறுத்தற வண்டியை அரை டேங்கோட விடாதீங்க.

கே: காலையில ஊட்டி குளிர்ல வண்டி ரொம்ப நேரம் சோம்பேறியா இருக்கு, மைலேஜும் இல்ல?

ப: முதல் அஞ்சு நிமிஷம்னா இயற்கை. அரை மணி நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கு வரலைன்னா தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிச்சு. எஞ்சின் இன்னும் சூடாகலைன்னு நெனச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலை கூடவே ஊத்திட்டிருக்கும், பிளக் கரியாகும், ஹீட்டர்லயும் சூடு வராது. கீழ ஊர்ல வெயில் இதை மறைச்சுடும், இங்க ஜனவரி உறைபனியில பல்லைக் காட்டிடும். சின்ன பார்ட்தான். சில பேரு கீழ இருக்கும்போது ஓவர்ஹீட் ஆகுதுன்னு தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போட்டிருப்பாங்க, செகண்ட் ஹேண்ட் வண்டின்னா அதையும் கேட்டு வைங்க.

கே: த்ராட்டில் பாடி கிளீன் பண்ணா பிக்கப் திரும்பிடுமா? பெட்ரோல்ல ஊத்தற மருந்து?

ப: த்ராட்டில் பாடில கரி படிஞ்சா ஐடில் ஆடும், லேசா மிதிக்கும்போது தயங்கும், அதுக்கு கிளீனிங் நல்லது. முழுசா மிதிச்சும் இழுக்காத வண்டிக்கு அது வைத்தியம் இல்ல. எலக்ட்ரானிக் த்ராட்டில்னா சாவி ஆன்ல இருக்கும்போது விரலை விட்டு தகட்டைத் தள்ளாதீங்க, கிளீன் பண்ணினப்புறம் ஐடில் ரீலேர்ன் பண்ண வேண்டி வரலாம். ஏர் ஃப்ளோ சென்சருக்கு அதுக்குன்னு இருக்கற ஸ்பிரேதான், கார்ப் கிளீனர் அடிச்சா கம்பி போயிடும். மருந்து பாட்டில் பத்தி கேட்டா, அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டர் வாங்குங்கன்னுதான் சொல்வேன்.

கே: சைலன்சர் அடைப்பு எப்படித் தெரியும்?

ப: கீழ் ஸ்பீடுல ஓரளவு ஓடி, ஆர்பிஎம் ஏற ஏற மூச்சு முட்டும். பின்னாடி குழாய்ல கையை வெச்சா காத்து வேகம் இருக்காது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியால மெதுவா தட்டினா உள்ள கலகலன்னா உடைஞ்சிருச்சு. ஆனா அது தானா சாகாது, மிஸ்ஃபயரோ ஆயில் எரியறதோதான் கொன்னிருக்கும், கொன்னவனைப் பிடிக்காம புதுசு போட்டா அதுவும் சாகும்.

கே: கம்ப்ரஷன் செக் பண்ணி எஞ்சினே போச்சு, போர் பண்ணணும்னு சொல்லிட்டாங்க அண்ணா. பயமா இருக்கு.

ப: எங்க வெச்சு செக் பண்ணாங்கன்னு முதல்ல கேளுங்க. கம்ப்ரஷன்ங்கறது சிலிண்டர் காத்தை அமுக்கற அழுத்தம். ஊட்டியில காத்தே சுமார் 23, 24 சதவீதம் லேசு, அதனால நல்ல எஞ்சினுக்கும் கேஜ் புக்ல போட்டிருக்கறதை விட அதே அளவுக்கு கம்மியாத்தான் காட்டும். கடல் மட்டத்துல 180 பிஎஸ்ஐ காட்டற சிலிண்டர் இங்க 140 பக்கம் காட்டினா அது நோய் இல்ல. பாக்க வேண்டியது சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம். 138, 140, 136, 139ன்னா எஞ்சின் ஆரோக்கியம். 140, 138, 95, 139ன்னா மூணாவதுல வேலை இருக்கு, அப்ப அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்க, ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு இல்லைன்னா ஹெட் கேஸ்கெட். செக் பண்ணும்போது ஆக்சிலேட்டர் முழுசா மிதிச்சிருக்கணும், பேட்டரி தெம்பா இருக்கணும், ரெண்டும் இல்லைன்னா அந்த நம்பருக்கே மதிப்பில்ல. இதை எல்லாம் கேட்டப்புறமும் போர் பண்ணணும்னா இன்னொரு இடத்துலயும் ஒரு தடவை காட்டிட்டு முடிவு பண்ணுங்க.

கே: தானா கியர் மாத்தற ஏஎம்டி வண்டி ஏத்தத்துல நடுவுல தூங்கிடுது. சிஎன்ஜில இன்னும் மோசம்.

ப: ஏஎம்டி ஏத்தத்துல மேல் கியருக்குத் தாவி மாட்டிக்கும், மேனுவல் மோடுல போட்டு ரெண்டாவதுலயே பிடிச்சு ஏறுங்க. உள்ள இருக்கறது சாதாரண கிளட்ச்தான், ஆக்சிலேட்டராலயே வண்டியை ஏத்தத்துல நிறுத்திப் பிடிச்சா அதுவும் கருகும். சிஎன்ஜில பவர் எப்பவும் குறைவு, அடிவாரத்துலயே பெட்ரோலுக்கு மாத்திடுங்க.

கே: மெக்கானிக்கிட்ட எப்படிச் சொன்னா வேலை சுலபமாகும்?

ப: "பிக்கப் இல்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், சூடாகும் முன்னாடியா பின்னாடியா, மழையிலயா, எவ்வளவு தூரம் ஏறினப்புறம், லைட் எப்படி எரிஞ்சது, புகை என்ன கலர், கடைசியா என்ன வேலை பாத்தது, எங்க டீசல் போட்டது. முடிஞ்சா அவரைப் பக்கத்துல உக்கார வெச்சு அந்த ஏத்தத்துக்கே கூட்டிட்டுப் போங்க. சமமான ஷெட்டுல ஐடில்ல நிக்கற வண்டி எந்தக் கோளாறையும் காட்டாது. வேலை முடிஞ்சதும் கழட்டின பழைய பார்ட்டைக் கையில வாங்கிப் பாருங்க, இதுல சங்கடப்பட ஒண்ணுமில்ல.

கே: குடும்பத்தோட போகும்போது நடு காட்ல பவர் போயிடுச்சுன்னா?

ப: வளைவுல நிறுத்தாதீங்க, உருள்ற வேகம் இருக்கும்போதே ரோடு நேரா இருக்கற இடமா பாத்து இடது ஓரம் ஒதுக்குங்க. ஹசார்ட் லைட், ஹேண்ட்பிரேக், முதல் கியர், பின் வீலுக்கு கல்லு. டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்க, சிவப்புல இருந்தா பானெட்டைத் திறந்து வைங்க, ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீங்க. ஆளுங்களை பள்ளத்துப் பக்கம் இல்லாம மலைச்சுவர் பக்கமா ரோட்டை விட்டு தள்ளி நிக்க வைங்க, பசங்களைக் குரங்குக்கு பிஸ்கெட் போட விடாதீங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, லிம்ப் மோட் விலகியிருந்தா ஏசி இல்லாம, ரெண்டாவது கியர்ல, அதிகம் மிதிக்காம பக்கத்து ஊர் வரைக்கும் போயிடலாம். கிளட்ச் வழுக்கறதுன்னா மேல போற ஆசையை விட்டுட்டு கீழ இறங்கறதுதான் நல்லது, ஆனா நியூட்ரல்ல விட்டு எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு இறங்கற வேலையே வேண்டாம், பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் அதோட போயிடும். பிரேக்கே ஒட்டிட்டு புகை வருதுன்னா ரெண்டு பக்கமும் போகாம டோயிங் வண்டிக்கு போன் போடுங்க. கிளம்பும்போது வீலுக்கு வெச்ச கல்லை எடுத்து ரோட்டை விட்டுத் தள்ளிப் போடுங்க, ராத்திரி மிஸ்ட்ல வர்ற பைக்காரன் அது மேலதான் ஏறுவான்.